இலண்டனுக்கும் டோக்கியோவுக்கும் எவ்வளவு தூரம்?

1937ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பிற்பகல், இலண்டன் மாநகரின் குராய்டன் விமான நிலையத்தில் ஒற்றை இயந்திரம் பூட்டிய சிறிய ஜப்பானிய விமானம் ஒன்று வந்து இறங்கியது. அதன் பெயர் 'காமிகாசே'. 'தெய்வீகக் காற்று' என்பது அச்சொல்லின் பொருள். இரண்டாம் உலகப் போரின்போது அச்சொல்லுக்கு ஏற்பட்ட கொடிய பொருள் அன்று அதற்கு இல்லை. விமானத்திலிருந்து இறங்கியவர்கள் இருவர். ஒருவர் விமானி இயினுமா. மற்றவர் வழிகாட்டி சுகாகோஷி. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி, 'அசாஹி' என்னும் ஜப்பானிய நாளிதழ் அவர்களை அனுப்பி வைத்திருந்தது.

டோக்கியோவை அடுத்த தாச்சிகாவாவில் புறப்பட்டு தைப்பே, ஹனோய், வியந்தியான், கல்கத்தா, கராச்சி, பாஸ்ரா, பாக்தாத், ஏதென்ஸ், ரோம், பாரிஸ் முதலிய நகரங்களில் இறங்கி இறங்கி அவர்கள் வந்திருந்தனர். வந்து சேர்வதற்கு ஆன நேரம் 94 மணி 17 நிமிடம் 56 வினாடி. அதில் வானில் கழிந்தது 51 மணிக்குச் சற்று மேல். டோக்கியோவிலிருந்து இலண்டனுக்கு அவ்வளவு விரைவாக அதற்கு முன் எவரும் வந்ததில்லை. கடந்து வந்த தூரம் 15,357 கி.மீ. என்று கணக்கிட்டார்கள்.

இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே பூமியின் பரப்பில் உள்ள மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 9,560 கி.மீ.தான். அப்படியானால் மீதி 5,800 கி.மீ. எங்கிருந்து வந்தது? அதைச் சேர்த்தவர் யார்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், அறிவியலின் வரலாறும் அரசியலின் வரலாறும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

நூலும் உருண்டையும்

முதலில் 9,560 கி.மீ. என்பது எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். பள்ளியில் உள்ள நிலவுருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையை இலண்டன் மீதும் மறு முனையை டோக்கியோ மீதும் வைத்து, நூலைத் தளர்வின்றி இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாகச் செல்கிறது? ஐரோப்பாவின் நடுவாகவோ சீனாவின் வழியாகவோ அது செல்லவில்லை. நார்வே, சுவீடன், பின்லாந்தின் வடபகுதி ஆகியவற்றைக் கடந்து, ஆர்க்டிக் வட்டத்திற்கும் வடக்கே ஏறி, ஏறத்தாழ 71 பாகை அட்சரேகையைத் தொட்டு, சைபீரியாவின் குறுக்கே சரிந்து இறங்கி, ஜப்பான் கடலைத் தாண்டி டோக்கியோவை அடைகிறது. கிழக்கே உள்ள டோக்கியோவுக்குப் போக வேண்டிய விமானம், வடக்கிலிருந்து 32 பாகை மட்டுமே கிழக்காகச் சாய்ந்து புறப்பட வேண்டும்! வகுப்பில் இதைக் கூறினால் மாணவர்கள் நம்ப மறுப்பதுண்டு. நூலைப் பிடித்துக் காட்டிய பிறகே ஒப்புக்கொள்வார்கள்.

நூல் காட்டும் அந்தப் பாதை 'பெருவட்டம்' எனப்படும் வட்டத்தின் ஒரு பகுதியாகும். கோளத்தின் மையத்தின் வழியாக ஒரு தளம் வெட்டிச் சென்றால் பரப்பில் கிடைக்கும் வட்டமே பெருவட்டம். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம். இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, அவ்விரண்டின் வழியாகவும் செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்லே.

கணக்கும் கடினமானதன்று. இரண்டு ஊர்களின் அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குக. அவற்றின் கோசைன்களையும், தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் தனியே பெருக்குக. இரண்டையும் கூட்டினால், பூமியின் மையத்தில் அவ்வூர்கள் தாங்கும் கோணத்தின் கோசைன் கிடைக்கும். இலண்டனின் அட்சரேகை 51.5 பாகை, டோக்கியோவினது 35.7 பாகை, தீர்க்கரேகை வேறுபாடு 139.8 பாகை. முதல் பெருக்கம் 0.4567. இரண்டாவது, எதிர்க்குறியுடன் 0.3861. கூட்டினால் 0.0706. இதற்குரிய கோணம் ஏறத்தாழ 86 பாகை. பெருவட்டத்தில் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. ஆகையால் தூரம் 9,560 கி.மீ. பூமி துல்லியமான கோளமன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. அதனால் சில பத்துக் கி.மீ. வேறுபாடு வரலாம். நம் கதைக்கு அது பொருட்டன்று.

இவ்வுண்மை விமானம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தெரிந்திருந்தது. திசைகாட்டியின் ஒரே திசையைப் பற்றிச் செல்லும் பாதை வேறு, மிகக் குறுகிய பாதை வேறு என்று 1537இல் போர்ச்சுகல் நாட்டுக் கணித அறிஞர் பேத்ரோ நூனெஸ் எடுத்துக் காட்டினார். 1569இல் மெர்க்கேட்டர் வெளியிட்ட உலகப் படத்தில், ஒரே திசையைப் பற்றிச் செல்லும் பாதை நேர்கோடாக அமைந்தது. மாலுமிகளுக்கு அது பெரும் வசதி. ஆனால் அந்த நேர்கோடு குறுகிய பாதையன்று. அப்படத்தில் இலண்டனையும் டோக்கியோவையும் அளவுகோலால் இணைத்தால், கோடு காஸ்பியன் கடலின் வடகரை வழியாகவும் பீகிங் நகருக்கு அருகாகவும் செல்லும். அவ்வழியின் நீளம் ஏறத்தாழ 11,300 கி.மீ. காகிதத்தில் நேராகத் தோன்றும் வழி, உருண்டையில் 1,700 கி.மீ. சுற்று!

இயந்திரம் சேர்த்த தூரம்

காமிகாசே விமானிகள் இக்கணக்கை அறியாதவர்கள் அல்லர். எனினும் அவர்களால் பெருவட்டப் பாதையில் செல்ல இயலவில்லை. முதற்காரணம் எரிபொருள். அந்நாளைய விமானங்கள் ஒரே மூச்சில் இரண்டாயிரம் கி.மீ. அளவுக்கே பறக்க முடிந்தது. அதற்குள் ஓர் இறங்குதளமும் பெட்ரோலும் கிடைத்தாக வேண்டும். சைபீரியாவின் பனிவெளியில் அவை எங்கே? ஆகவே பெரிய நகரங்கள் முத்துக்களைப் போல் கோத்துக் கிடந்த தெற்கு வழியையே விமானங்கள் நாடின.

போருக்குப் பின் ஜெட் விமானம் வந்தது. 1953 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமான நிறுவனம் ஒன்று 'காமெட்' ஜெட் விமானத்தை இலண்டன்–டோக்கியோ வழியில் விட்டது. ரோம், பெய்ரூட், பஹ்ரைன், கராச்சி, டெல்லி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக், மணிலா, ஒக்கினாவா என்று அது இறங்கிச் சென்றது. பயணம் ஏறத்தாழ ஒன்றரை நாளில் முடிந்தது. ஆனால் தூரம்? 16,000 கி.மீ.க்கும் சற்று மேல். வேகம் கூடிற்றே தவிர, வழி குறையவில்லை.

துருவத்தின் வழியே

தென்வழியை விட்டு வடவழிக்குத் திரும்ப நினைத்தவர்களுக்கு முன்னால் இருந்த தடை, குளிர் மட்டுமன்று, திசையும்தான். நெடுந்தூரம் பறக்கலாம் என்பதை 1937 ஜூனிலேயே, காமிகாசே இலண்டனை அடைந்து ஏறத்தாழப் பத்து வாரங்களில், சோவியத் விமானி சக்காலவும் அவருடைய தோழர் இருவரும் காட்டினர். மாஸ்கோவில் புறப்பட்டு வடதுருவத்தின் வழியாக அமெரிக்காவின் வான்கூவர் நகரில் 63 மணி நேரத்தில் இறங்கினர். ஆனால் வீரச்செயல் வேறு, பயணிகளை ஏற்றிக்கொண்டு வாரந்தோறும் செல்லும் சேவை வேறு.

வடதுருவப் பகுதியில் திசை அறிவது ஏன் கடினம்? காந்த ஊசி வட காந்த முனையை நெருங்க நெருங்கக் கீழ்நோக்கிச் சாய்கிறது. பூமியின் காந்தப் புலத்தில் கிடைத்தளக் கூறு அங்கே மிகவும் குறைந்துபோவதால், ஊசியைத் திருப்பும் விசை இல்லாமற் போகிறது. மேலும், தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் வந்து குவிகின்றன. நேராகப் பறக்கும் விமானத்தின் 'திசை' நிமிடத்திற்கு நிமிடம் மாறிக்கொண்டே இருக்கும். சரியாகத் துருவத்தில் நிற்பவனுக்கு எல்லாப் பக்கமும் தெற்கு!

இதற்கு ஸ்காண்டிநேவிய நாடுகளின் விமான நிறுவனம் வழி கண்டது. தீர்க்கரேகைகளை மறந்துவிட்டு, வரைபடத்தின் மேல் இணைகோடுகளைக் கொண்ட கட்டம் ஒன்றை வரைந்து, அதன்படி திசையைக் குறித்தார்கள். காந்த ஊசிக்கு மாற்றாகச் சுழலியை நம்பினார்கள். வேகமாகச் சுழலும் சக்கரத்தின் அச்சு தன் திசையை விடாது பற்றி நிற்கும் என்பதை இயற்பியல் மாணவர் அறிவர். ஆனால் பூமி அதன் அடியில் மணிக்கு 15 பாகை வீதம் சுழல்வதால், அதற்கான திருத்தத்தை ஓயாமல் செய்தாக வேண்டும். சூரியனையும் விண்மீன்களையும் பார்த்துச் சரிபார்த்தார்கள். சூரியன் அடிவானத்தின் கீழே இருந்து, விண்மீன்களும் தெரியாத நெடிய அந்திப்பொழுதில், உச்சிவானத்து ஒளியின் முனைவாக்கத்தை அளந்து சூரியன் இருக்கும் திசையை அறியும் கருவியும் அவர்களிடம் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் நாம் விளையாட்டாகச் செய்து பார்க்கும் முனைவாக்கச் சோதனை, அங்கே பயணிகளின் உயிரைக் காத்தது.

1954 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து கிரீன்லாந்து வழியாக லாஸ் ஏஞ்செல்சுக்கு அந்நிறுவனம் சேவை தொடங்கியது. 1957 பிப்ரவரி 24 அன்று கோபன்ஹேகனிலிருந்து வடதுருவப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி, டோக்கியோ செல்லும் சேவை தொடங்கிற்று. தென்வழியில் ஐம்பது மணி அளவு ஆன பயணம் 32 மணியளவில் முடிந்தது. 1961இல் ஜப்பானிய நிறுவனமும் இவ்வழியில் ஜெட் விமானங்களை விட்டது. ஆங்கரேஜ் என்னும் சிறு நகரம் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே சத்திரம்போல் ஆயிற்று. அந்நிலையத்தில் பதப்படுத்தி நிறுத்தியிருந்த பெரிய வெண்கரடியை அக்காலப் பயணிகள் பலர் இன்றும் நினைவு கூர்வர்.

பகை சேர்த்த தூரம்

ஆனால் நூலை மீண்டும் எடுத்து அளந்து பாருங்கள். இலண்டன்–ஆங்கரேஜ் 7,200 கி.மீ.; ஆங்கரேஜ்–டோக்கியோ 5,560 கி.மீ.; கூட்டினால் 12,760 கி.மீ. பெருவட்டத்தைவிட இது 3,200 கி.மீ. அதிகம். விமானத்தின் ஆற்றல் பெருகிவிட்டது. துருவத்தில் திசையறியும் வித்தையும் கைவந்துவிட்டது. பின் ஏன் இந்தச் சுற்று?

பெருவட்டப் பாதையின் பெரும்பகுதி சோவியத் நாட்டின் மீது கிடந்தது. அந்நாட்டின் வானம் அன்று பிற நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டிருந்தது. மலையோ கடலோ அன்று. மனிதர் வரைந்த கோடே தடை.

இந்தக் கதவு சிறிது சிறிதாகவே திறந்தது. 1967 ஏப்ரலில் மாஸ்கோ–டோக்கியோ சேவை தொடங்கியது. ஆனால் விமானமும் விமானிகளும் சோவியத்தைச் சேர்ந்தவர்கள். விமானத்தினுள் உபசரிப்போரில் மட்டும் ஜப்பானியர் இருந்தனர். 1970இல் ஜப்பானிய விமானங்கள் தாமே சைபீரியாவின் மீது பறந்து மாஸ்கோ வழியாக ஐரோப்பா செல்ல இசைவு கிடைத்தது. மாஸ்கோவில் இறங்க வேண்டும். கட்டணமும் செலுத்த வேண்டும். எனினும் இலண்டனுக்கான தூரம் 10,000 கி.மீ. அளவுக்குக் குறைந்தது. இசைவு பெறாதவர்கள் ஆங்கரேஜ் வழியாகவே சுற்றினர்.

1983 ஏப்ரலில் பின்லாந்தின் விமான நிறுவனம் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு எங்கும் இறங்காமல் சென்ற முதல் சேவை இதுவே. ஹெல்சிங்கியின் அட்சரேகை 60.3 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 25 பாகை. மேற்கண்ட முறையில் கணக்கிட்டால் டோக்கியோவுக்குத் தூரம் ஏறத்தாழ 7,800 கி.மீ. என்று வரும். மாணவர்கள் செய்து பார்க்கலாம். ஆனால் அவ்விமானம் சைபீரியாவைத் தவிர்த்து, வடதுருவத்திற்கு ஏறி, பெரிங் நீரிணை வழியாக இறங்க வேண்டியிருந்தது. அது 10,700 கி.மீ. அளவு, பதின்மூன்று மணி நேரம்.

ஓர் இரவின் பிழை

சுற்றுவழியின் விலை எரிபொருள் மட்டுமன்று. 1978 ஏப்ரல் 20 அன்று பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாக சியோல் செல்ல வேண்டிய கொரிய விமானம் ஒன்று, துருவப் பகுதியில் திசை பிசகி, மூர்மான்ஸ்க் அருகே சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. போர் விமானம் சுட்டதில் இருவர் மாண்டனர். உறைந்த ஏரி ஒன்றின் மேல் விமானி விமானத்தை இறக்கியதால் மற்றவர்கள் பிழைத்தனர்.

அடுத்த நிகழ்ச்சியில் அந்த நற்பேறும் இல்லை. 1983 செப்டம்பர் 1ஆம் நாள், நியூயார்க்கில் புறப்பட்டு ஆங்கரேஜ் வழியாக சியோல் சென்ற கொரிய 007 விமானம், சகாலின் தீவருகே சோவியத் போர் விமானத்தால் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 269 பேரும் மாண்டனர்.

அது ஏன் வழி தவறிற்று? சோவியத் வீழ்ச்சிக்குப் பின் ரஷ்யா ஒப்படைத்த விமானப் பதிவுக் கருவிகளை ஆராய்ந்து, 1993இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. அவ்விமானத்தில் நிலைமத் தத்துவத்தில் இயங்கும் நல்ல வழிகாட்டுக் கருவிகள் இருந்தன. ஆனால் விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி அவற்றோடு இணையவே இல்லை. ஆங்கரேஜை விட்டதும் அமைத்த காந்தத் திசையையே பற்றிக்கொண்டு விமானம் ஐந்து மணி நேரத்திற்கு மேல் பறந்தது. விமானிகள் இதைக் கவனிக்கவில்லை.

தொடக்கத்தில் கண்ணுக்குப் புலப்படாத சிறு கோண வேறுபாடு. ஆனால் விலகல் என்பது கோணத்தையும் தூரத்தையும் பெருக்கி வருவது. அது வளர்ந்து வளர்ந்து, இறுதியில் 500 கி.மீ.க்கும் மேலாயிற்று. அந்த 500 கி.மீ., இரண்டு பகைவர்களின் எல்லைக்கோட்டைத் தாண்டியதாக இருந்ததுதான் கொடுமை. பிழை இயந்திரத்தைக் கையாண்டவர்களுடையது. அதற்கு மரண தண்டனை விதித்தது பகை.

இந்நிகழ்ச்சிக்குப் பின் இரண்டு நன்மைகள் விளைந்தன. வட பசிபிக் வான்வழியைக் கண்காணிப்பதில் அமெரிக்கா, ஜப்பான், சோவியத் யூனியன் மூன்றும் நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ள உடன்பட்டன. மற்றொன்று, அமெரிக்க இராணுவத்திற்காக உருவாகி வந்த செயற்கைக்கோள் வழிகாட்டு முறையைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அதே மாதம் அந்நாட்டு அதிபர் ரீகன் அறிவித்தார். இன்று நம் கைத்தொலைபேசியில் தெருப்பெயரைக் காட்டும் ஜி.பி.எஸ். அதுவே.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

விமானி தூரத்தைப் பூமியை வைத்து மட்டும் அளப்பதில்லை. காற்றை வைத்தும் அளக்கிறார். 1920களில் ஜப்பானின் தாத்தேனோ வானிலை ஆய்வுக்கூடத்தில் ஒய்சி வசாபுரோ என்பவர் பலூன்களைப் பறக்கவிட்டு, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக மிகக் கடுமையான காற்று வீசுவதைக் கண்டார். உலக அறிஞர்கள் படிக்க வேண்டும் என்று 1926இல் எஸ்பெராந்தோ என்னும் பொதுமொழியில் அதை வெளியிட்டார். அம்மொழியைப் படிப்போர் சிலரே. ஆகவே கண்டுபிடிப்பு கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதுவே இன்று 'ஜெட் காற்றோட்டம்' எனப்படுவது.

மணிக்கு 900 கி.மீ. வேகமுள்ள விமானம் 10,000 கி.மீ. செல்வதாகக் கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் 10 மணி நேரம் போதும். அதே காற்று எதிர்த்தால் 12½ மணி நேரம் ஆகும். போகும் தூரமும் வரும் தூரமும் வரைபடத்தில் ஒன்றே. எரிபொருள் தொட்டியில் ஒன்றல்ல. ஆகவே சற்று நீளமான வழி சில நாள்களில் குறுகிய வழியாகிவிடும்.

மீண்டும் அதே சுற்று

1980களின் பிற்பகுதியில் சைபீரிய வானம் மேலும் திறந்தது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தபின் பெரும்பாலான விமானங்கள் ஏறக்குறையப் பெருவட்டத்தின் மீதே பறந்தன. ஆங்கரேஜ் நிலையத்தின் பயணியர் கூட்டம் கலைந்தது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஒன்பதரை மணிப் பயணமாயிற்று. தூரம் என்னும் சிக்கல் தீர்ந்தது என்றே பலரும் எண்ணினர்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வானத்தை மூடின. ரஷ்யாவும் சில நாள்களுக்குள் அந்நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மார்ச் மாதத்தில் பின்லாந்து விமானங்கள் மீண்டும் வடதுருவத்தின் வழியாக டோக்கியோவுக்குப் பறந்தன. மீண்டும் பதின்மூன்று மணி நேரம். 1983ஐப் போலவே பயணிகளுக்குத் 'துருவம் கடந்தவர்' என்று சான்றிதழும் வழங்கினார்கள். ஜப்பானிய விமானங்கள் டோக்கியோவிலிருந்து கிழக்கே கிளம்பி, அலாஸ்கா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாக இலண்டனை அடைந்தன. திரும்பும்போது மத்திய ஆசியா வழியாக, மீண்டும் கிழக்கு நோக்கியே வந்ததும் உண்டு. ஜெட் காற்றோட்டத்தைத் துணைகொண்டு, போய் வருவதற்குள் பூமியையே ஒரு முறை சுற்றி விடுகின்றன!

முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 9,560 கி.மீ. பூமி தந்தது. அது நூனெஸ் காலத்திலும் அவ்வளவே, இன்றும் அவ்வளவே. அதற்கு மேல் உள்ளவற்றை மனிதர் சேர்த்தனர். எரிபொருள் போதாமையால் சேர்ந்த தூரத்தைப் பொறியியல் நீக்கியது. திசை அறியாமையால் சேர்ந்ததைச் சுழலியும் ஒளியும் செயற்கைக்கோளும் நீக்கின. பகையால் சேர்ந்ததை நீக்கும் கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. 1957இல் இருந்ததைப் போல் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த விமானங்கள் 2022இல் இருந்தும், அவை 1957இன் வழிக்கே திரும்ப வேண்டியிருந்தது.

இரண்டு நகரங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு என்று இனி யாரேனும் கேட்டால், எண்ணைச் சொல்லுமுன் ஒரு நிலவுருண்டையும் ஒரு நூலும் எடுத்து வாருங்கள். நூல் காட்டும் வழியில் எந்தெந்த நாடுகள் கிடக்கின்றன என்று பாருங்கள். அவை ஒன்றோடொன்று நட்பாக இருந்தால் உங்கள் விடை சரியாக இருக்கும்.